நாலாவது கம்பி

மாரிஹோத் மனுருங் வாயைத் திறந்தால் சியந்தார் ஊரின் பெரிய சந்தையில் மீன் விற்கிறவள்கூடக் கூவலை நிறுத்திவிட்டுக் கேட்பாள். அப்படி ஒரு வாய் அது. அதில் இப்போது மிஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல்தான். மூணு. பசித்தாலும் மூணு, ஒன்றுக்கு வந்தாலும் மூணு, பெண்டாட்டி தோண்டாமேல் கோபம் வந்தாலும் மூணு. போன மழைக்காலத்தில் கையில் குறடோடு ஒரு வண்டிக்குப் பக்கத்தில் சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது வலது கையும் வலது காலும் செத்துப்போயிருந்தன. பேச்சும் போய்விட்டது.

ஏன் அந்த ஒரு சொல் மட்டும் தங்கியது என்று டாக்டருக்குத் தெரியவில்லை. ஊருக்குத் தெரியும். முப்பது வருஷமாக அந்த மனுஷன் அதிகம் சொன்னதே அதைத்தானே!

எங்கள் ஊரில் வாடகைக்கு ஓடுவது பெட்டி வண்டி. சண்டைக்காலத்தில் வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டுப்போன கனத்த மோட்டார் சைக்கிள். அதன் இடதுபக்கம் இரும்புச் சட்டத்தில் பொருத்திய ஒரு பெட்டி. பெட்டிக்குள் இரண்டு பேர் உட்கார ஓர் இருக்கை, மேலே கூரை. இயந்திரம் மலைபோல நிற்கும், யார் என்ன செய்தாலும் கெடாது. ஆனால் அதற்குள் ஓடும் மின்கம்பிகள் இருக்கிறதே, அது வேறு கதை. எங்கள் மழைக்கு எந்தக் கம்பி தாங்கும்? ஒன்று இற்றுப்போகும், ஒன்று இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளும், நடுரோட்டில் புகை வரும். எது எங்கே போகிறது என்று தலைகீழாக நின்று பார்த்தாலும் புரியாது.

மாரிஹோத்தும் அப்படிப்பட்ட வண்டி ஒன்றை ஓட்டியவர்தான். ஒருநாள் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் வழியில், பெட்டிக்குள் இரண்டு கிழவிகளும் ஒரு பன்றிக்குட்டியும் உட்கார்ந்திருக்க, வண்டி புகைந்து நின்றது. மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. விளக்குக்குப் பின்னால் கையை விட்டு, அகப்பட்ட கம்பியையெல்லாம் கொத்தோடு பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கிழவிகளில் ஒருத்தி, "எறிஞ்சது எறிஞ்சே, ஒரு தடவை உதைச்சுதான் பாரேன்" என்றாள். உதைத்தார். வண்டி கிளம்பிவிட்டது!

அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது. அந்த இயந்திரத்தின் இடுப்பில் மேக்னட்டோ என்று ஒரு பெட்டி இருக்கிறது. அது இயந்திரத்தோடு சேர்ந்து சுற்றும், தானே பொறி கொடுக்கும். பேட்டரி வேண்டாம், எதுவும் வேண்டாம். அப்படியானால் மற்ற கம்பிகளெல்லாம் எதற்கு? மாதக்கணக்கில் யோசித்து யோசித்துக் குறைத்தார். கடைசியில் மூன்றில் வந்து நின்றார். வண்டியை நிறுத்த ஒரு கம்பி, முன்விளக்குக்கு ஒன்று, பின்விளக்குக்கு ஒன்று. அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஊரில் இருக்கிற பெட்டி வண்டியெல்லாம் அவர் வாசலுக்கு வந்தது. விளக்கைத் திறந்து பார்ப்பார், முகம் சுளிப்பார். "உள்ள என்னடா, மீ நூடுல்ஸ் கடையா நடத்துறே?" என்பார். பிறகு வெட்டிப் போட ஆரம்பிப்பார். வண்டிக்காரன் ஒவ்வொரு கம்பி விழும்போதும் தன் விரலை வெட்டுகிற மாதிரி பதறுவான். "ஐயோ மச்சான், அது எதுக்கோ தெரியலையே!" "தெரியலல்ல? அப்ப அது உனக்கு வேணாம்." வேலை முடிந்ததும் எண்ணிக் காட்டுவார். மூணு. "மூணுக்கு மேல ஒரு கம்பி என் கைப்பட்ட வண்டியில இருந்தா, இந்த மீசையை எடுத்துடறேன்டா!" கள்ளுக்கடையில் இதைச் சொல்லாத நாள் கிடையாது. ஊரும் நம்பியது. வண்டி நின்றால் மூன்று கம்பியைப் பார், மூன்றும் சரியென்றால் கம்பியில் குற்றமில்லை. சின்னப் பயலுக்கும் தெரிந்த கணக்கு.

அந்தக் கணக்குக்கு அடங்காத வண்டி ஒன்று ஊரில் இருந்தது. அது அவருடைய தங்கை லாம்ரியாவின் புருஷன் போனாரின் வண்டி.

போனார் சாதுவான ஆள். தேவாலயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வெளியே வந்து பார்த்தால் வண்டியைக் காணோம். திருடியவன் அதை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளிக் கள்ளுக்கடைக்குப் போயிருக்கிறான், அதனால் கிடைத்தது. கிடைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே மைத்துனன் வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்து அழுதார்.

"மச்சான், என் பொண்டாட்டியத் தூக்கிட்டுப் போயிருந்தாக்கூட இப்படி அழுதிருக்க மாட்டேன்."

"அவ என் தங்கச்சிடா. பார்த்துப் பேசு."

"கோவிச்சுக்காத. இனிமே என்னைத் தவிர ஒருத்தன் உதைச்சாலும் இது கிளம்பக் கூடாது. ஏதாவது பண்ணு மச்சான்."

மாரிஹோத் மாட்டேன் என்றார். ஒரு கம்பி கூடுதலாகப் போட்டால் மீசை என்ன ஆவது? போனார் போகவில்லை. சோறு போட்டுப் பார்த்தார்கள், சாப்பிட்டுவிட்டு மறுபடியும் வாசலில் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் மாரிஹோத் பல்லைக் கடித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு நாலாவது கம்பியைப் போட்டார். மயிர்போல மெல்லிய கம்பி. மேக்னட்டோவின் அடியில் ஒரு துளை போட்டு, உள்ளேயிருந்து இழுத்து, இரும்புக் குழாய்க்குள்ளேயே ஓட்டி, பெட்டி இருக்கைக்கு அடியில், மோட்டார் சைக்கிள் பக்கமான வலது ஓரத்தில், ஒரு சின்னக் கொக்கியில் கொண்டுபோய் முடித்தார். கொக்கியைச் சட்டத்தில் மாட்டிவிட்டால் பொறியெல்லாம் இரும்புக்குள் இறங்கிவிடும். நாள் முழுக்க உதைத்தாலும் இயந்திரம் இருமக்கூடச் செய்யாது. கழற்றிவிட்டால் பழையபடி ஓடும்.

"வெளிய மூச்சு விட்டே, தொலைச்சிடுவேன். லாம்ரியாகிட்டயும் சொல்லக் கூடாது" என்றார்.

போனார் சொல்லவில்லை. வண்டியைக் கிளப்பும் முன்னால் ஒரு துணியை எடுத்து இருக்கையைத் துடைப்பார். துடைக்கிற சாக்கில் கை அடியில் போய்க் கொக்கியைக் கழற்றும். நிறுத்தியதும் இன்னொரு துடைப்பு. ஊர் இதைப் பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டது. சவாரிக்கு அவர் வண்டியைத் தேடிப் போனார்கள். லாம்ரியாவுக்குத்தான் பொறுக்காது. "வீட்ல ஒரு தட்டை நகர்த்தி வைக்க மாட்டாரு. வண்டியில மட்டும் சீட்டைத் தேய்க்கிறாரு பாரு, தேய்ச்சுத் தேய்ச்சு ஓட்டையாக்கிடுவாரு" என்பாள். மாரிஹோத் மீசைக்குள் சிரித்துக்கொள்வார்.

அந்தப் போனார்தான் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வண்டியை நிறுத்தி, இருக்கையைத் துடைத்துவிட்டு, சாப்பிட்டுப் படுத்தார். காலையில் எழுந்திருக்கவில்லை.

பெட்டி வண்டிக்காரன் செத்தால் எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. அவனுடைய சொந்த வண்டி, சொந்த இயந்திரத்தில், முன்னால் போக வேண்டும். பெட்டியில் அவன் படம் இருக்கும். மற்ற வண்டிகளும் சவப்பெட்டியும் அதற்குப் பின்னால்தான். வண்டி கிளம்பாவிட்டால் தள்ளிக்கொண்டு போவார்கள். அதைப்போல அவமானம் வேறில்லை. எப்போதோ ஒரு கிழவரை அப்படித் தள்ளிக்கொண்டு போனார்கள். இன்றைக்கும் கள்ளுக்கடையில் அவர் பேர் 'தள்ளுவண்டி'. அவர் மகனும் சின்னத் தள்ளுவண்டிதான். போனார் இதைச் சொல்லிச் சொல்லியே பயப்படுவார். "லாம்ரியா, நான் போயிட்டா எது வேணா பண்ணு. என்னைத் தள்ளிட்டுப் போக மட்டும் விட்டுடாத."

எடுக்கும் நாள் காலையில் மாரிஹோத்தை நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெண் கொடுத்த வீட்டுக்காரர் அல்லவா! எங்களுக்குப் பெண் கொடுத்தவன் கடவுளுக்கு அடுத்தபடி. உட்கார வைக்கிற இடமும் உயரம், பேசுகிற பேச்சும் பணிவு. புருஷன் செத்தவள் தலைமேல் கோடித்துணியைப் போர்த்துகிற உரிமையும் கடமையும் உடன்பிறந்தவனுக்குத்தான். லாம்ரியா அண்ணன் முன்னால் மண்டியிட்டாள். மாரிஹோத் இடது கையால் உலோஸ் என்கிற அந்தக் கோடித்துணியின் ஒரு முனையைப் பிடித்தார், மறுமுனையைத் தோண்டா பிடித்தாள். துணி தங்கை தலைமேல் விழுந்தது. ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

"மூணு" என்றார்.

"சரிண்ணா" என்றாள் லாம்ரியா. அவர் கால்களைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் வாசலில் வண்டியை உதைக்கும் சத்தம் கேட்டது. உதைத்தவர் தோகார், வண்டிக்காரர் சங்கத்துத் தலைவர், போனாரின் கூட்டாளி. ஒருமுறை, பத்து முறை, வியர்க்க வியர்க்க உதைத்தார். வண்டி கல்லு மாதிரி நின்றது. மாரிஹோத்துக்குத்தான் விளங்கியது. கொக்கி! போனார் கடைசியாகத் துடைத்துவிட்டுப் போன அந்தக் கொக்கி மாட்டியபடியே இருக்கிறது. அது தெரிந்த இரண்டு பேரில் ஒருவன் சவப்பெட்டிக்குள் இருக்கிறான்.

இதிலென்ன, சொல்லிவிட்டால் போயிற்று. சீட்டுக்கு அடியில கைய விடுடா. நாலு வார்த்தை!

"மூணு! மூணு!" என்று கத்தினார்.

தோகார் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா, மச்சான் சொல்றாரு! மூணு கம்பியையும் பாருங்கடா. அவர் கை வச்ச வண்டி, மூணுக்கு மேல கிடையாது."

மூன்றையும் பார்த்தார்கள். கழற்றித் துடைத்து மாட்டினார்கள். மூன்றும் புதுசு போல இருந்தன. மாரிஹோத் தலையை ஆட்டினார், நாற்காலியின் கையைத் தட்டினார். இடது கையைத் தூக்கி நாலு விரலைக் காட்டினார். நாலு. நாலுடா, மடப்பயல்களா!

போனாரின் மகன் ரிந்தோ ஓடிவந்து குனிந்தான். "தெரியும் மாமா. நாலு மணிக்குள்ள எடுத்துடணும். போதகரும் அதையேதான் சொல்றாரு. நீங்க கவலைப்படாதீங்க."

மாரிஹோத் பெட்டியை நோக்கிக் கையை நீட்டினார். அங்கே, அந்த இருக்கை. தோண்டா அந்தக் கையைப் பிடித்து மெதுவாக மடியில் வைத்தாள். "உங்க மச்சானோட வண்டிதான், தெரியுது. அழாதீங்க. ரத்தக்கொதிப்பு ஏறிடும்." சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றினாள். அவர் துப்பினார். ஊற்றியதைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்றினாள். நல்லவள்தான், என்ன செய்ய!

நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டால் போதும், தரையில் தேய்த்துக்கொண்டாவது போய்விடலாம் என்று தோன்றியது. இடது காலை ஊன்றி உடம்பைச் சரித்தார். அவ்வளவுதான், எட்டுக் கைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. "ஐயையோ, பெண் கொடுத்த வீட்டுக்காரர் தரையிலயா? எங்க மானம் என்ன ஆகிறது?" என்று பதறித் தூக்கி உட்கார வைத்தார்கள். ஒருவர் இன்னொரு துணியை அவர் தோளில் போர்த்தினார். ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது. ஒருத்தனாவது அவர் கண் போகிற இடத்தைப் பார்க்க வேண்டுமே!

தோகார் மேக்னட்டோவின் மூடியைத் திறந்து மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கம்பி சரியா இருக்கு. அப்ப இது செத்துப்போச்சு. உள்ள சுருள் எரிஞ்சிருக்கும். வேற மாத்தணும்னா அரைநாள் ஆகும்."

போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். ஊதுகுழல்காரர்கள் தயாராக நின்றார்கள். லாம்ரியா கோடித்துணியை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"தோகார், தள்ள வேணாம்யா. அவரு என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான்."

"நான் என்ன அண்ணி பண்ணட்டும்? மாரிஹோத் மச்சான் நல்லா இருந்தா அஞ்சு நிமிஷத்துல எழுப்பிடுவாரு. அவரோட நிலைமை..." என்று நிறுத்தினார் தோகார். எல்லாரும் ஒருமுறை மாரிஹோத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தப் பார்வையைவிட ஓர் அறை கொடுத்திருக்கலாம்.

அவர் மறுபடியும் பெட்டியைக் காட்டினார். இந்தமுறை லாம்ரியா பார்த்தாள். "அண்ணன் அதுல உட்காரணும்னு கேட்குது" என்றாள்.

தோகாருக்கு அது பிடித்துப்போயிற்று. "ஆமா! தள்ளித்தான் போறோம்னாலும் பெண் கொடுத்த வீட்டுக்காரரே படத்தை வச்சிக்கிட்டு உட்கார்ந்து போறாருன்னா அதுக்கு ஒரு மரியாதை இருக்குல்ல?"

மாரிஹோத்துக்கு உயிர் வந்தது. பெட்டிக்குள் போய்விட்டால் எட்டிவிடலாம். தூக்கி உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தார். கொக்கி இருப்பது வலது ஓரத்தில். அவருடைய வலது கை அதற்கு நேர் மேலே, ஒரு சாண் உயரத்தில், ஈரத்துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அசை என்றார் மனசுக்குள். கெஞ்சினார். அது யாருடைய கையோ போலக் கிடந்தது.

இடது கையை வயிற்றுக்குக் குறுக்கே விட்டு, குனிந்து, அடியில் நுழைக்கப் பார்த்தார். உடம்பு ஒருக்களித்துச் சாய்ந்தது. "விழறாரு, விழறாரு!" நிமிர்த்தி உட்கார வைத்து, தோளில் கிடந்த துணியால் மார்போடு சேர்த்து இருக்கையின் முதுகில் கட்டினார்கள். மடியில் போனாரின் படத்தை வைத்தார்கள். இடது கையை எடுத்துப் படத்தின்மேல் வைத்து, "கெட்டியாப் பிடிச்சுக்குங்க மாமா" என்றான் ரிந்தோ.

இருந்த ஒரு கையும் போயிற்று. விட்டால் போனார் தெருவில் விழுவார்.

தள்ளினார்கள். தோகார் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, பின்னால் ஆறு பேர். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் போனாருக்கு வராத சத்தம் தங்களுக்கும் வேண்டாம் என்று இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தங்கள் வண்டிகளையும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சந்தைத் தெருவில் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ ஒருவன் பக்கத்துக் கடைக்காரனின் காதில் ஏதோ சொன்னதையும் அவன் வாயைப் பொத்திக்கொண்டதையும் மாரிஹோத் பார்த்தார். என்ன சொல்லியிருப்பான் என்று அவருக்குத் தெரியாதா? லாம்ரியா பக்கத்திலேயே நடந்தாள், தலை குனிந்தபடி. அவள் கால் செருப்பின் சத்தம்கூடக் கேட்டது. அவர் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். மூணு, மூணு, மூணு. ஜெபம் சொல்கிறார் என்று சிலர் நினைத்தார்கள். மேட்டில் ஏறும்போது இடுப்புக்குக் கீழே சூடாக நனைந்தது. அதையும் அவரால் நிறுத்த முடியவில்லை.

அடக்கம் முடிந்தது. மாரிஹோத்தை வண்டிப் பெட்டியிலேயே நிழலில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மண் விழும் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டது.

முதலில் திரும்பி வந்தவள் லாம்ரியா. அண்ணனின் கட்டை அவிழ்த்தாள். கால்சட்டை நனைந்திருப்பதைக் கண்டாள். மற்றவர்கள் வருவதற்குள் அவரைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, கைப்பிடியில் தொங்கிய போனாரின் துணியை எடுத்து இருக்கையைத் துடைத்தாள். முன்னால் துடைத்தாள். ஓரத்தில் வழிந்திருந்ததையும் துடைக்க விரலை அடியில் விட்டாள்.

விரலில் ஏதோ மாட்டியது. ஒரு சின்னக் கொக்கி, டக்கென்று கழன்று வந்தது. அதன் வாலில் மயிர்போல ஒரு கம்பி.

அவள் குனிந்து கம்பி போகிற வழியைப் பார்த்தாள். கையில் இருந்த துணியைப் பார்த்தாள். இருபது வருஷம் அந்தத் துணியைக் கேலி செய்தவள் அவள். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தாள். மாரிஹோத் இடது கையைத் தூக்கி நாலு விரலைக் காட்டினார்.

"தோகார்!" என்று கூப்பிட்டாள். "வண்டியை உதை."

"செத்த மேக்னட்டோ அண்ணி, அதை எதுக்கு..."

"உதைன்னா உதையேன்யா!"

உதைத்தார். முதல் உதையில் பிடித்துக்கொண்டது. கல்லறைத் தோட்டம் முழுக்க அந்தச் சத்தம் போய் மோதியது. வண்டிக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றினான். தோகார் கொக்கியையும் கம்பியையும் பார்த்தார், மாரிஹோத்தின் விரல்களைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ரிந்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, திரும்ப ஒரு தடவை அப்பாகிட்டப் போயிட்டு வரலாம். சத்தத்தோட போகலாம்" என்றான்.

"வேணாம்டா. அவரு கேட்டது போறதுக்கு" என்றாள் லாம்ரியா. "அவரு போயாச்சு."

பெட்டிக்குள் ஏறி, அண்ணனை இடப்பக்கம் நகர்த்திவிட்டு, அவருக்கு வலதுபுறம் உட்கார்ந்தாள். படத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"காலையிலேர்ந்து இதைத்தானே சொன்னே?"

"மூணு" என்றார் மாரிஹோத். கண்ணீர் மீசையில் வழிந்தது.

"ஆமாண்ணா, ஆமா. எங்களுக்குத்தான் காது இல்ல."

வண்டி நகர்ந்தது. பின்னால் எல்லா இயந்திரங்களும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. லாம்ரியா அவருடைய செத்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வீடு போய்ச் சேரும்வரை அவள் அதை விடவில்லை என்பதை அவர் குனிந்து குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.